ஒரே தரம் கூப்பிட்ட குரல்

பேய், பிசாசு என்று எவனாவது என் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். பேப்பர் படிக்கிற ஆள் நீங்கள், சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் நான் செய்த தொழிலில் பேயை நம்புகிறவன் ஒரு மழைக்காலம் தாக்குப்பிடிக்க மாட்டான்.

கண்டிக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு கொட்டில் வைத்திருந்தேன். வேட்டைக்குப் போகிற துரைமாருக்குக் கூடாரம், பொதி மாடு, சுமை தூக்க ஆள், சமைக்க ஆள், மான் விரட்ட நாய் எல்லாம் ஏற்பாடு செய்து, நானே வழிகாட்டியாகவும் கூடப் போவேன். அப்போது கண்டிக்கு ரயில் வரவில்லை. மலை மலையாகக் காட்டை வெட்டிக் கோப்பிச் செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த காட்டில் எதையாவது சுடாவிட்டால் துரைமாருக்குத் தூக்கம் வராது. ஒருவருக்குக் காட்டுக்குள் குளிக்கத் தகரத் தொட்டி வேண்டும், இன்னொருவருக்கு மேசைவிரிப்பு இல்லாவிட்டால் தொண்டையில் எதுவும் இறங்காது. அவர்களையாவது சமாளித்துவிடலாம். என் ஆட்கள் இருக்கிறார்களே, இந்த மரத்தடி வேண்டாம், அந்த ஓடைத் தண்ணீர் வேண்டாம், எலுமிச்சம்பழம் வெட்டாமல் ஏற மாட்டோம், ஐயோ, போதும் போதும் என்றாகிவிடும். எலுமிச்சம்பழத்தையும் கூடார ஆணியோடு ஒரு சாமானாக நானே மூட்டை கட்டி வைத்துக்கொள்வேன், வாயை மூடிக்கொண்டு சுமையைத் தூக்கட்டும் என்று.

அவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடுகளில் ஒன்றை மட்டும் நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். மூடுபனியில் ஆள் பிரிந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'கூ' என்று நீட்டி மூன்று தரம் கூவ வேண்டும். மூன்று தரம் கேட்டால் அது மனிதன், பதில் கூவலாம். ஒரே தரம் கேட்டு நின்றுவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எனக்கு அதெல்லாம் தேவையில்லை. ஒரு தரம் கேட்பது பறவையாக இருக்கலாம், எதிரொலியாக இருக்கலாம், அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு ஓடினால் ஆள் பள்ளத்தில் விழுவான். அதனால் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் நானே அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

நாய்களைப் பார்த்துக்கொண்டவன் என் மச்சினன் மாடசாமி. என் மனைவி பேச்சிக்கு ஒரே தம்பி, தாயில்லாத பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். ஒவ்வொரு தடவை நான் புறப்படும்போதும் வாசலில் நின்று, "போற எடத்துல தம்பிய விட்டுட்டு வந்துராதீங்க" என்பாள், ஏதோ அவன் ஒரு குடை என்பதைப் போல. அவனோ சொன்னது எதையும் கேட்க மாட்டான். விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் நான் திட்டுவேன். "காது எதுக்குடா உனக்கு, கடுக்கன் தொங்கவிடவா?" என்பேன். சிரிப்பான். என்ன திட்டினாலும் அந்தச் சிரிப்பு மாறாது, அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

நான் சொல்ல வந்த அந்தத் தடவை பன்வில பக்கம், ஒரு கோப்பித் தோட்டத்துக்கு மேலே இருந்த காட்டில் கூடாரம் போட்டோம். தோட்டத்துப் பெரிய துரையும், கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத அவருடைய சகோதரி மகனும் வந்திருந்தார்கள். புதுத்துரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விரலைக் காட்டி, தொலைந்தால் மூன்று தரம் கூப்பிடுங்கள் என்று அவருக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தானும் மூன்று விரலைக் காட்டிவிட்டு மூன்று முட்டை கொண்டுவரச் சொன்னார்.

மத்தியானம் நாய்கள் ஒரு மரை மானைக் கிளப்பின. புதுத்துரை யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நாய்களுக்குப் பின்னால் ஓட, மாடசாமி அவருக்குப் பின்னால் ஓட, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி பனி இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன. அதற்கப்புறம் மாடசாமி முள் கிழித்த உடம்போடு வந்தான். புதுத்துரையைக் காணவில்லை.

பெரிய துரை மாடசாமியின் தலைமயிரைப் பிடித்து இழுத்து, நாய் கட்டுகிற கயிற்றாலேயே கூடாரக் கம்பத்தில் கட்டினார். இருட்டுவதற்குள் பிள்ளை வந்து சேராவிட்டால் அவனே தள்ளிவிட்டான் என்று எழுதிக்கொடுத்துக் கண்டி மறியலில் போடப்போவதாகச் சொன்னார். மறியல் என்றால் அந்தக் காலத்து ஜெயில், உள்ளே போனவன் போனவன்தான். துரை சொல்லுக்கு எதிராக எங்கள் சொல் எந்தக் கோர்ட்டில் நிற்கும்? சொல்லிவிட்டு அவர் துப்பாக்கியோடு நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் தேடப் போய்விட்டார். நான் மாடசாமியைப் பார்த்தேன். அப்போதும் சிரிக்கப் பார்த்தான், ஆனால் உதடு நடுங்கியது. வீட்டுக்குப் போய்ப் பேச்சியிடம் என்ன சொல்வேன்?

அப்போதுதான் கிழக்குச் சரிவிலிருந்து கேட்டது. 'கூ' என்று ஒரே ஒரு தரம். மெல்லிசான இளம் குரல், தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், என் ஆட்கள் அத்தனை பேரும் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சமையல்காரன் அந்தோனி அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறான்.

"ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? தொரைடா அது! பதில் குடுங்கடா!" என்று கத்தினேன்.

"ஒரு தரந்தானே கேட்டுச்சு மொதலாளி" என்றான் அந்தோனி.

"வெள்ளக்காரனுக்கு மூணு தரம்னு எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, காலையில."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி அவன் மேலேயே எறிந்தேன். கம்பத்தில் கட்டியிருந்த மாடசாமிகூட, "வேணாம் மச்சான், பதில் சொல்லாதீங்க, அது அவரு இல்ல" என்றான். இவனுக்காகத்தான் நான் போகப்போகிறேன், இவனே வேண்டாம் என்கிறான்! கையைக் குவித்து மூன்று தரம் கூவினேன். உடனே பதில் வந்தது, ஒரு தரம். கூட வர எவனும் எழுந்திருக்கவில்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாகவே சரிவில் இறங்கினேன்.

நான் மூன்று தரம் கூவுவேன், அது ஒரு தரம் கூவும். இதோ, அந்த மரத்துக்குப் பின்னால்தான் என்று போனால் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். ஓடை தாண்டினேன், மூங்கில் புதருக்குள் நுழைந்து முதுகெல்லாம் கிழிந்தது, மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். தொலைந்தவன் இருந்த இடத்தில் இருக்க வேண்டுமா இல்லையா? எனக்குப் பொறுமை போய்விட்டது. துரைக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். "நில்லுய்யா அங்கேயே! காது எதுக்குய்யா உனக்கு, கடுக்கன் தொங்கவிடவா?" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் திட்டும்போதெல்லாம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, யாரோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பது போல. திட்டி முடித்த பிறகுதான் 'கூ' என்று வரும்.

கடைசியில் ஒரு பாறை இடுக்கில் புதுத்துரையைக் கண்டேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கால் முறிந்து மடங்கிக் கிடந்தது. கீழ்த்தாடை விலகி ஒரு பக்கமாகத் தொங்க, மூக்கும் வாயும் ஒன்றாக வீங்கி, சட்டை மேல் வடிந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. விழுந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். கொர் கொர் என்று மூச்சு மட்டும் வந்தது. அந்த வாயால் ஊ என்று உதட்டைக் குவிக்கக்கூட முடியாது. பிறகு கண்டியில் அவரைப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். சரி, எப்படியோ தொண்டையால் முனகியிருப்பார் என்பீர்கள். முனகினார் என்றே வைத்துக்கொள்வோம். கால் முறிந்த ஆள் மலை முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி எப்படி அலைய வைப்பார்?

அதையும் விடுங்கள். நான் குனிந்து அவர் தோளைத் தொட்டபோது என் முதுகுக்குப் பின்னால், நான் வந்த வழியில், 'கூ' என்று ஒரு தரம் கேட்டது. பக்கத்தில்தான். புதுத்துரைக்கும் கேட்டது, என் தோளுக்கு மேலே பார்த்து அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். நான் திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டோம். பெரிய துரை மாடசாமியைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார், ஏதோ பெரிய உபகாரம் செய்தவர் போல. இறங்கி வரும் வழியில் மாடசாமி, "எத்தன தரம் பதில் சொன்னீங்க மச்சான்?" என்று கேட்டான். கடைசித் தடவை தவிர, அது கூப்பிட்டபோதெல்லாம் சொன்னேன் என்றேன். "உங்க கொரல நல்லாப் பழகியிருக்கும்" என்றான். அதற்கும் திட்டினேன்.

அடுத்த வருடம் புசல்லாவைப் பக்கம் ஒரு வேட்டை. அதற்கும் பன்விலவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வேறு மலை, வேறு துரை. மாடசாமியும் அந்தோனியும் ஆட்களோடு முன்னால் போனார்கள், நான் மறுநாள் மிச்சச் சாமான்களோடு போய்ச் சேருவதாகப் பேச்சு. நான் காய்ச்சலில் விழுந்து கண்டியில் பாயோடு பாயாகக் கிடந்தேன். அங்கே நடந்தது அந்தோனி வந்து சொன்னதுதான். அவன் பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை. நான் வந்து சேருவதாக இருந்த அன்று சாயந்திரம் பனி இறங்கியிருக்கிறது. கீழே காட்டுப் பாதையிலிருந்து என் குரல் கேட்டிருக்கிறது.

"மூணு தரம் மொதலாளி. சரியா மூணு தரம்" என்று அழுதான் அந்தோனி. "பன்விலவுல நடந்தத நெனச்சு நாங்க அப்பவும் பேசாமத்தான் இருந்தோம். பொறகு திட்டுனீங்க. காது எதுக்குடா, கடுக்கன் தொங்கவிடவான்னு கேட்டீங்க. மாடசாமி சிரிச்சிட்டான். எங்க மச்சான்தான், இப்படித் திட்ட வேற யாரு இருக்கான்னு சொல்லிட்டு, வந்துட்டேன் மச்சான்னு கத்திக்கிட்டே எறங்கிப் போனான்."

காய்ச்சலோடு போய்த் தேடினேன். தோட்டத்து ஆட்களெல்லாம் சேர்ந்து தேடினார்கள். பள்ளம் பள்ளமாக இறங்கிப் பார்த்தோம், நாய்களை விட்டுப் பார்த்தோம். நாய்கள் பாதையில் ஓர் இடம் வரைக்கும் போய் நின்றுவிட்டன. அதற்கு மேல் இழுத்தாலும் வரவில்லை. ரத்தம் இல்லை, துணி இல்லை, காலடி இல்லை. சிறுத்தை என்றார்கள், பள்ளம் என்றார்கள், கடலைத் தாண்டி ஊருக்கே ஓடிவிட்டான் என்றார்கள். எனக்கும் எதையாவது நம்ப ஆசைதான். ஆனால் அந்தத் திட்டை அங்கே யார் திட்டியது? என்னிடம் கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அன்றைக்குப் பன்விலவில் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் புதுத்துரை செத்திருப்பார், மாடசாமி மறியலுக்குப் போயிருப்பான். சொன்னேன், வேறு விதமாகப் போனான். நான் என்னதான் செய்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அதோடு தொழிலை விட்டேன். விட்டேன் என்ன, ஆட்கள் என்னோடு வரவில்லை. என் குரலை நம்பிக் காட்டுக்குள் வர மாட்டோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். இப்போது அரிசி மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. வீடு ஹந்தானை மலையடியில். பேச்சி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து நான் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள். வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் சாதாரணமாகக் கேட்டாள். "சாயந்தரம் பனி எறங்குற நேரத்துல கொல்லப் பக்கம் வந்து எதுக்குத் திட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

நான் அந்த நேரத்தில் கடைவீதியில் மூட்டைகளோடு நின்றிருந்தேன். அதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அதனாலதான் நான் பேசல." குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க திட்ட, பக்கத்துல தம்பி சிரிக்கிறான். அதே சிரிப்பு. ஒரு நாளைக்காவது நான் பதில் சொல்லட்டுமா?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அவளைத் திட்டினேன். எனக்கு வேறு என்ன தெரியும்? திட்டும்போதே என் குரல் என் காதுக்கே யாரோ திட்டுவது போலக் கேட்டது, பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் பனி இறங்குகிற சாயந்திரங்களில் நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் எடுத்தே கிடக்கிறது. நான்தான் போய்ப் போடுகிறேன்.