பாக்குவெட்டியும் ஒன்பது வால் நரியும்

என் பள்ளிப் பையில் பாக்குவெட்டியை வைத்தது என் அம்மா. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. சொல்ல வேண்டிய அறையில், சொல்ல வேண்டிய ஆளிடம் நான் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை, இங்கே டெக்சாஸில் ஆலன் ஊரில், என் மகள் என்னைப் பார்த்த ஒரு பார்வைக்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம்தான். யார்மேல் என்பது எழுதி முடிக்கும்போதாவது தெரிந்தால் சரி.

கோவில்பட்டியிலிருந்து நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தபோது எனக்குப் பதினோரு வயது. அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு படுக்கையறை கொண்ட அபார்ட்மென்ட். அம்மாவின் தம்பியும் அதே வேலைக்கு வந்து எங்கள் ஹால் சோபாவில் குடியிருந்தார். கீழ்த்தளத்தில் ஒரு கொரியக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் சோராவும் நானும் ஒரே வகுப்பு. இரண்டு பேருடைய இங்கிலீஷையும் சேர்த்தால் ஒரு ஆள் ஒழுங்காகப் பேசலாம். அதனால் பேசுவதைவிட அதிகமாக வீடியோ பார்த்தோம்.

சோராவின் அம்மா காய்கறி வாங்கும் கொரியன் கடையிலேயே கேசட்டும் வாடகைக்குக் கிடைக்கும். முட்டைக்கோஸ், முள்ளங்கியோடு வாரம் நான்கு கேசட்டுகள் வீட்டுக்கு வரும். பாதி பேய்க்கதை. ஆயிரம் வருடம் உயிர்வாழ்ந்த ஒன்பது வால் நரி ஒன்று அழகான பெண்ணாக மாறி வந்து மனிதர்களின் ஈரலைத் தின்னும். அதற்குக் குமிஹோ என்று பெயர். தன் ரகசியம் யாருக்கும் தெரியாமல் நூறு நாள் தாண்டிவிட்டால் அது முழு மனுஷியாகிவிடும். தொண்ணூற்று ஒன்பதாம் நாள் எவனாவது ஒரு முட்டாள் கண்டுபிடித்துவிடுவான். நாங்கள் இருவரும் எப்போதும் நரியின் கட்சி.

ஜப்பானியக் கார்ட்டூன்களும் வரும், கொரிய மொழியில் பேசியபடி. அதில் ஒரு ஆற்றுப் பேய். ஆமை ஓடு, வாத்துக் கால், உச்சந்தலையில் ஒரு குழி, அந்தக் குழி நிறையத் தண்ணீர். அதன் பலமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். ஆனால் அது மரியாதை தெரிந்த பேய். நாம் குனிந்து வணங்கினால் பதிலுக்கு அதுவும் குனியும். தண்ணீர் கொட்டிவிடும். அவ்வளவுதான், பலம் போய்த் துவண்டு விழும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படி ஒரு ஏமாந்த பேயை எங்கள் ஊரில் கேள்விப்பட்டதே இல்லை. சோரா சிரிக்கவில்லை. அது மரியாதைக்குத்தானே குனிந்தது என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் நான் வயசுக்கு வந்தேன்.

முறைப்படி தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். நியூ ஜெர்சி பனியில் தென்னைக்கு எங்கே போவது? மாமா புதிதாக வாங்கிய டிவியின் அட்டைப்பெட்டியைப் பிரித்து, படுக்கையறை மூலையில் நிறுத்தி, பச்சைக் காகிதத்தைக் கீற்றாக நறுக்கி ஒட்டினார். "மருமகளே, ரெண்டு பெட்ரூம் வீட்டுக்குள்ள உனக்குன்னு ஒரு தனி பெட்ரூம். வாடகை கெடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏழு நாள் அதற்குள் இருந்தேன். தனித் தட்டு, தனி டம்ளர், தினமும் உளுந்தங்களி, அதன்மேல் குளம்போல் நல்லெண்ணெய். பெட்டியின் உட்புறம் 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் அச்சடித்த அம்புக்குறி தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் சோரா வந்து கதவைத் தட்டினாள். "பீவர். நோ ப்ளே" என்று சொல்லி அம்மா கதவைச் சாத்தினாள். அன்று மாலை அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "ஸ்கூல்ல ஒருத்திகிட்டயும் மூச்சு விடக் கூடாது, கேட்டியா. இது வெளிய சொல்ற விஷயமில்ல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரகசியம், மறைந்திருத்தல், நாள் எண்ணுதல். இந்தக் கதை எனக்குத் தெரியுமே. எனக்கு வால் முளைக்கும் என்று நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் குளிக்கும்போது இடுப்புக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பதினாறு நாள் வீட்டில் வைத்திருக்கவே அம்மாவுக்கு ஆசை. ஏழு நாளுக்கு மேல் லீவு போட்டால் பள்ளியிலிருந்து கேள்வி வரும் என்று அப்பா சொல்லிவிட்டார். எட்டாம் நாள் காலை அம்மா சமையலறை இழுப்பறையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். கிளிமூக்கு வைத்த பழைய இரும்பு. ஊரிலிருந்து வந்த பெட்டியில் வந்தது. ஒரு கைக்குட்டையில் சுற்றி என் பையின் அடியில் வைத்தாள்.

"எண்ணெயும் களியும் தின்ன ஒடம்பு. காத்து கருப்பு அண்டும். இரும்பு இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது."

அப்பா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அமெரிக்கப் பேய்க்கு பாக்குவெட்டின்னா என்னன்னு தெரியுமாடி?" என்றார். இதை நான் அழுத்தி எழுத விரும்புகிறேன். அப்பா பார்த்தார். சிரித்தார். பிறகு குனிந்து இரண்டாவது லேஸைக் கட்டினார்.

மதியம் சாப்பாட்டு மேசையில் சோரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முகர்ந்து பார்த்தாள். நல்லெண்ணெய் வாசனை. காய்ச்சலுக்கு எண்ணெய் தேய்ப்பார்களா என்று கேட்டாள். நான் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி, தனித் தட்டு, ரகசியம். அவள் கண்கள் விரிந்தன. "நீ நரியாகிட்டியா?" என்றாள். கேலி இல்லை, உண்மையான மரியாதையோடு. பையில் இரும்பு இருக்கிறது என்றேன். காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த இரும்பு மூக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, இதைப் பார்த்துப் பேய் பயப்படணுமா, நீ பயப்படணுமா என்று கேட்டாள். அதற்குள் எங்கள் பின்னால் மேற்பார்வைக்கு நின்ற பெண்மணி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

பள்ளிகளில் துப்பாக்கிச் சூடுகள் நடந்து நாடே பயந்துகிடந்த காலம். நகவெட்டி கொண்டுவந்தால்கூட வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரின்சிபல் அறை மேசையில் பாக்குவெட்டி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. இதன் பெயர் என்ன, இது எதற்கு என்று அவர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். நான் பைக்குள் தெரிந்த கிளிமூக்கையே பார்த்தேன். அப்பா அலுவலகத்திலிருந்து டையோடு வந்தார். அம்மா புடவைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் வந்தாள். இதை உங்கள் மகள் எதற்காகக் கொண்டுவந்தாள் என்று பிரின்சிபல் கேட்டார். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம்.

அப்பா தன் அலுவலக இங்கிலீஷில் பேசினார். என் மகளுக்கு ஒரு கொரியத் தோழி இருக்கிறாள். இருவரும் எந்நேரமும் கொரியப் பேய்ப் படங்களும் ஜப்பான் பிசாசுக் கார்ட்டூன்களும் பார்க்கிறார்கள். அதில் பயந்துவிட்டாள். அந்தப் பெண்தான் இப்படி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் என்றார்.

பிரின்சிபல் என் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவின் கை என் தோள்மேல் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். பக்கவாட்டில் ஆட்டுகிற நம் ஊர்த் தலையாட்டல் அல்ல. அமெரிக்கா வந்து கற்றுக்கொண்ட, மேலும் கீழுமான, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆமாம்.

எனக்குப் பள்ளியிலிருந்து மூன்று நாள் விலக்கு. சோராவுக்குப் பத்து நாள். பிறகு அவளை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். கையில் இரும்பு வைத்திருந்தவள் நான், அதை ஒரு விரலால் தொட்டவள் அவள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமாதான் கேட்டார். கேலி பண்ணாமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அத்தான், அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?"

"வேற என்ன சொல்லச் சொல்ற மாப்ள? வயசுக்கு வந்த புள்ளைக்கு பேய் பிடிக்கும்னு ஒங்க அக்கா கத்தி குடுத்து அனுப்புனான்னு சொல்லட்டுமா? போலீஸ் வந்து நின்னா நாளைக்கு விசா என்னாகும்? ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

மாமா எழுந்தார். போய் அட்டைக் குடிசையைப் பிரித்து மடித்துக் குப்பைக்குக் கொண்டுபோனார். எனக்கோ அப்பாமேல் பெருமை தாங்கவில்லை. அத்தனை பெரிய அறையில், அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவே எனக்காகச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் பயந்திருந்தார் என்பதோ, அந்தப் பயத்தில் கைக்கு எட்டிய அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்து முன்னால் தள்ளினார் என்பதோ எனக்குத் தெரியாது. பின்னாளில் தெரிந்தது. தெரிந்த பிறகும், பாவம் அப்பா, விசாவுக்குப் பயந்தார், அந்தக் காலம் அப்படி என்று பல வருடங்கள் அவருக்காக நானே வாதாடியிருக்கிறேன். இனி வாதாடுவதாக இல்லை. பயந்தவர் தன் தலையைக் கொடுத்திருக்கலாம். பதினோரு வயதுப் பெண்ணின் தலையை எடுத்துக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். என் மகளுக்கும் இப்போது பதினொன்று. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று, பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் பள்ளிக் கவுன்சிலர் கூப்பிட்டிருந்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். என் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதமாகிறது. கிரீன் கார்டு நடுவழியில் நிற்கிறது. நாங்கள் இருவரும் கத்துகிற கத்தலில் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்து சொன்னது இது: வீட்டில் ஒன்றுமில்லை, அவளும் அவள் தோழியும் எந்நேரமும் போனில் கொரியப் பேய்த் தொடர்களும் ஜப்பான் பிசாசுக் கார்ட்டூன்களும் பார்க்கிறார்கள், அந்தப் பெண்ணோடு சேர்ந்துதான் இப்படி.

தோழியின் பெயரையும் சொன்னேன். கவுன்சிலர் எழுதிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. நான் பெருமையோடு பார்த்தேன். இவள் விலகிப் பார்த்தாள், பஸ்ஸில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. பார்க்கிங்கில் காரில் ஏறாமல் நின்று கேட்டாள்: "அம்மா, ஒய் டிட் யூ சே தட்? இட்ஸ் நாட் ஹர். இட்ஸ் யூ அண்ட் அப்பா."

ஏறுடி என்றேன். வேறென்ன சொல்ல. வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மறுபடி அந்தக் கவுன்சிலரிடம் போகிறேன். பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு இந்த ஐந்து மாதமாக வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டும். என் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொல்லப்போகிறேன். அவள் எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

நியூ ஜெர்சிக் கதையில் மிச்சமிருப்பது ஒன்றுதான். பாக்குவெட்டி பிடிபட்ட அந்த வாரச் சனிக்கிழமை சோராவின் அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே குழந்தையின் தலை அளவு உருண்டையான கொரியப் பேரிக்காய்கள், ஒவ்வொன்றும் வெள்ளை வலையில் பொதிந்து. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் சேர்த்து, இடுப்பை மடித்து ஆழமாகக் குனிந்தார். தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் திரட்டி, தன் மகள் தப்புச் செய்துவிட்டாள், மன்னிக்க வேண்டும், கேசட்டெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார். செய்யாத தப்புக்கு ஒரு தாய் எங்கள் வாசலில் குனிந்து நின்றார்.

பாக்குவெட்டியைப் பையில் வைத்த என் அம்மா அவரைப் பார்த்துக்கொண்டு நேராக நின்றாள். பிறகு "நோ ப்ராப்ளம்" என்றாள். மன்னித்துவிட்டாள்!

நான் அம்மாவின் பின்னால் நின்று, குனிந்த அந்தத் தலையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொட்டும் என்று என் மனதின் ஏதோ ஒரு மூலை எதிர்பார்த்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. குனிந்தவருக்குப் பதிலுக்குக் குனிய வேண்டும் என்பது ஆற்றுப் பேய்க்குக்கூடத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் சிரித்திருந்தேன்.

கதவைச் சாத்தியதும் அம்மா ஒரு பழத்தை எடுத்துத் தோல் சீவித் துண்டு போட்டாள். குளிர்ச்சியாக, தண்ணீர் தண்ணீராக, அவ்வளவு இனிப்பாக இருந்தது. அம்மா தொடவில்லை. மாமா வேண்டாம் என்றார். அந்தப் பெட்டி முழுவதையும் ஒரு வாரத்தில் நானேதான் தின்று தீர்த்தேன்.