ஒரே மதகுக்கு இரண்டு மனு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் மனு டைப் அடித்துக்கொண்டிருந்த வருடம் அது. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று தாலுகா ஆபீசுக்குப் போகிற மனுக்களில் பாதி என் கையால்தான் போகும். ஊராருக்கெல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தவனுக்கு வீட்டு மனு என்றதும்தான் புத்தி மழுங்கிப்போனது.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த வருடம் மழை சரியில்லை, ஏரி பாதிகூட நிரம்பவில்லை. நைனா, அதாவது என் அப்பா, ஏரிக்குக் கீழே முக்கால் காணி நிலத்தில் நெல் வைத்திருந்தார். ஏரிப் பாசன விவசாயிகளுக்கும் அவர்தான் தலைவர். அம்மா மகளிர் குழுவின் தலைவி. குழு முதல்முறையாக ஏரியில் மீன் குத்தகை எடுத்து, கட்லா குஞ்சு விட்டிருந்தது. நெல் பால் பிடிக்க இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும். மதகைத் திறந்தால் நெல் பிழைக்கும், ஏரி சேறாகி மீன் செத்துப்போகும். மூடியே வைத்தால் மீன் பிழைக்கும், நெல் பதராகிவிடும். தலைவர்கள் இருவரும் குடியிருந்தது ஒரே வீட்டில்.

முதல் வாரம் சண்டை. இரண்டாவது வாரம் பேச்சே நின்றுவிட்டது. எதுவானாலும் என் வழியாகத்தான். நான் டைப் அடிப்பதைப் பார்த்துப் பழகிய நைனா, எதிர்மனுதாரர் சாப்பிட்டாச்சா என்று என்னிடம் கேட்பார். அம்மா ஒரு படி மேலே போய், மீன் குழம்பில் மீனை ஒதுக்கிவிட்டு அவருக்கு வெறும் குழம்பை ஊற்றினாள். ஏரி மீன் வேண்டாதவருக்குக் கடை மீன் மட்டும் எதற்காம்.

பிறகு இருவரும் தனித்தனியாக என் கடைக்கு வந்தார்கள். திங்கட்கிழமை விழுப்புரத்தில் குறைதீர் கூட்டம், மனு வேண்டும் என்றார்கள். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று இருவருமே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். ‘நீராதாரத்தைப் பாதுகாத்து வாழ்வாதாரம் காக்கக் கோருதல்’ என்று நைனாவுக்குத் தலைப்பு போட்டேன். அம்மாவுக்கும் அதே தலைப்பு பொருந்தியது, அதனால் மாற்றவில்லை. முதல் பக்கத்தில் பெயர், விலாசம், ஏரியின் அருமை பெருமை, இரண்டாம் பக்கத்தில் கோரிக்கை. அவருக்குத் ‘திறக்க’, அவளுக்கு ‘மூட’. கடையில் கூட்டம் நெருக்கியது. நாலு தாளையும் அவசரமாக இரண்டிரண்டாக ஸ்டேப்ளர் அடித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். இடம் இல்லாததால் ஒரே சீட்டில். சாப்பாடும் ஒரே டப்பாதான், எலுமிச்சை சாதம். கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, யாரிடம் யார் என்ன கொடுத்தார் என்று கேட்டுக்கொள்ளாமலே திரும்பி வந்தார்கள். பிள்ளை எழுதினதைப் படித்துப் பார்ப்பானேன் என்று இருவரும் நினைத்ததுதான் வினை.

பத்து நாளில் பதில் வந்தது. அம்மாவுக்கு: தங்கள் கோரிக்கையின்படி மதகைத் திறக்க ஆட்சேபணை இல்லை. நைனாவுக்கு: தங்கள் கோரிக்கையின்படி மதகை மூடி வைக்க ஆட்சேபணை இல்லை. இரண்டாம் பக்கங்களை மாற்றி இணைத்திருந்தேன். உண்மையைச் சொன்னேன், ஊரில் ஒருவரும் நம்பவில்லை. தலைவர் மீன் குழம்புக்கு மயங்கிவிட்டார் என்றார்கள் விவசாயிகள். புருஷனுக்காகக் குழுவையே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றார்கள் பெண்கள். வேறு வழியில்லாமல் அம்மாவின் கடிதத்தை நைனா பிடுங்கிக்கொண்டார், அவருடையதை அம்மா பிடுங்கிக்கொண்டாள். இருவரும் மதகுக்கு ஓடினார்கள்.

மதகு திறக்கிறவர் இரண்டு கடிதத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மீன்காரம்மா தொறக்கணும்னு எழுதிக் குட்த்துகுது. பயிர்க்காரரு மூடணும்னு எழுதிக் குட்த்துகிறாரு. வாயால ரெண்டு பேரும் மாத்திச் சொல்றீங்க. நான் எத்த கேக்கறது?”

அவர் ஷட்டர் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து நாள் மதகு மூடியே கிடந்தது. அம்மா ஜெயித்த மாதிரிதான். ஆனாலும் ஆறாம் நாள் காலையில் கழனிப் பக்கம் போய் ஒரு கதிரைக் கிள்ளிப் பார்த்திருக்கிறாள். நகத்தில் பால் ஒட்டவில்லை. குழுவில் முக்கால்வாசிப் பேருக்குப் புருஷனோ அண்ணனோ ஏரிக்குக் கீழேதான் பயிர் வைத்திருந்தார்கள். அவர்களிடம் பேசிவிட்டு, அவளே மதகுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஒரு நாளைக்குத் தொற. சாய்ந்தரம் மூடிடு.”

தண்ணீர் ஓடியது. நான் அன்று லீவு போட்டிருந்தேன். எங்கள் கழனிக்கு முறை வந்ததும் மடை திருப்பலாம் என்று மண்வெட்டியோடு மதகடியில் நின்றேன். ஏரியில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது, ஓரத்தில் மீன் முதுகு தெரிய ஆரம்பித்தது. அம்மா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் நைனா கழனிப் பக்கமிருந்து வேகமாக வந்தார். சாவியை வாங்கி அவரே ஷட்டரை இறக்கினார். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது.

“போதும் மே,” என்றார் அம்மாவிடம். “இதுக்கு மேல போனா உன் மீனு நிக்காது.”

மூன்று வாரத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. விவசாயிகள் எல்லாருக்கும் பாய்ந்துவிட்டதால்தான் மூடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

எங்கள் முக்கால் காணி கடைமடையில் இருக்கிறது. தண்ணீர் அதற்கு முந்தின கழனியோடு நின்றுவிட்டிருந்தது. அம்மா வெடித்துக் கிடந்த எங்கள் மண்ணைப் பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள்.