பச்சையாகத் தொங்கிய பெயர்

வெளியே கிளம்பும்போது கணேசலிங்கம் அண்ணை சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கதவோரம் ஆணியில் தொங்கும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் பூசிய மரத்துண்டைத் திருப்புவார். சிவப்பு என்றால் ஆள் வெளியே. வந்ததும், பனி ஒட்டிய கையுறையைக் கழற்றும் முன்பே, மறுபடி பச்சை. 2006இல் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர் வீட்டின் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். என்னைத் தவிர அதைப் பார்க்க ஒருவருமில்லை.

கப்பல் பழக்கம் அது. இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவர். கரைக்கு இறங்குகிறவன் ஏணியருகே பலகையில் தன் பெயர்த்துண்டைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும்.

“முரோரான் எண்டு ஜப்பானிலை ஒரு துறைமுகம், தம்பி. விடிய வெள்ளையா விழுற பனி மத்தியானம் கறுப்பு. எந்தப் பக்கம் பாத்தாலும் புகைபோக்கி.”

1990 மாசியில் அங்கேதான் அவருடைய கூட்டாளி யோசெப் கப்பலை விட்டு ஓடினார். ஓடுகிறவனுக்குத் தமிழ் மாலுமிகள் செய்யும் உதவி ஒன்று உண்டு. அவன் இறங்கியதும் பெயரைப் பச்சைக்குத் திருப்பிவிடுவார்கள். கப்பல் புறப்படும்வரை யாரும் தேடமாட்டார்கள். யோசெப்பின் பெயரைத் திருப்பியவர் கணேசலிங்கம்.

யோசெப்பின் மனைவி அக்னெஸ் அதே நகரில் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தார். மரித்தோர் திருநாளுக்கு முன் வருடாவருடம் மீன் ரோல்ஸோடு வருவார்.

“அண்ணை, இந்த முறையாவது அவரின்ரை பேரைக் கோயில் பட்டியலிலை எழுதட்டோ? செத்தவருக்கெண்டு ஒரு பூசை குடுக்க வேணும்.”

“எழுதாதை பிள்ளை. துறைமுக வாசலாலை அவன் போனதை நான் கண்டனான்.”

“பதினாறு வருசமா ஒரு கடுதாசி இல்லை.”

“அவன்ரை சோம்பல் உனக்குத் தெரியாதே?”

அக்னெஸ் சிரித்தார். கதவோரத்து மரத்துண்டில் கண் போனது. “தனி மனுசன், உங்களை ஆர் அண்ணை எண்ணப் போயினம்?”

அண்ணை எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். கழுவ ஒரு கோப்பைகூட இல்லை. அக்னெஸ் அந்த வருடமும் பெயர் எழுதவில்லை.

அடுத்த தை மாதம் வேலைக்குப் போன இடத்தில் அண்ணைக்கு மாரடைப்பு. மரத்துண்டு சிவப்பாகவே நின்றது. அவருடைய அறையைக் காலிசெய்தபோது பெட்டியில், முரோரானில் மாலுமிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று 1990 பங்குனியில் அவருக்கு எழுதிய கடிதம் இருந்தது. மடிப்புகள் கிழியும் அளவுக்குப் படிக்கப்பட்டிருந்தது. யோசெப் துறைமுக வாசலைத் தாண்டவே இல்லை. கப்பல் போய்ப் பதினொரு நாள் கழித்து, அது கட்டப்பட்டிருந்த துறைமேடைக்கு அடியில் உடல் கிடைத்தது. கால் முறிந்திருந்தது. தண்ணீர் இழுத்துப் போகாமல், இடுப்புவாரால் தன்னைத் தூணோடு கட்டியிருந்தார்.