புவனேஸ்வரி அக்கா சொல்ல மறுத்த ஒன்று

நினைவு மலர்க் குழுவினர்க்கு என் பணிவான வணக்கம். தாங்கள் குறித்த தவணைக்குள் இக்கட்டுரையை அனுப்பத் தவறியமைக்கு மன்னிப்புக் கோருகின்றேன். எழுத அமர்ந்த போதெல்லாம் கை ஓடவில்லை.

செய்தி வந்தபோது நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தேன். அருகில் அக்காவின் இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் மல்வேர்ன் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே மாரடைப்பால் விழுந்துவிட்டார் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். பெட்டிகளைக் கொண்டுவரும் பெல்ட் நிற்கவில்லை. மூடாத பெட்டிகள் என் முன்னே குவிந்தன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கின்றேன். அவருடைய கணவர் தியாகராசா யாழ்ப்பாணத்தில் சிறிய அச்சகம் நடத்தியவர். அரசைக் கண்டித்த துண்டுப் பிரசுரமொன்றை அச்சிட்டதற்காக இராணுவம் அவரைப் பிடித்துச் சென்றது. அவரும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பின்னர் அக்காவையும் தேடி வந்தார்கள். அவர் தப்பிக் கனடா வந்து அகதிக் கோரிக்கை வைத்தார்.

தொழிற்சாலையில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார். “என்ன பிள்ளை, ரேடியோச் செய்தி மாதிரிக் கதைக்கிறீர்? உப்புக் கேக்கவும் ஒரு முன்னுரையோ?”

அந்த அகதிக் கோரிக்கை விசாரணைக்குத் துணையாக நானே சென்றேன். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலியுடன் அவர் அமர்ந்திருந்தார். கணவர் கொல்லப்பட்டதாக வழக்கறிஞர் வாக்குமூலத்தில் எழுதியிருந்தார். அதை அதிகாரி எடுத்துக் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: “கணவர் இறந்த பின்னர்தானே நாட்டை விட்டு வெளியேறினீர்கள்?”

“அவர் செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது?”

“அப்படியானால் இதில் எழுதியிருப்பது பொய்யா?”

“ஆமி பிடிச்சது உண்மை. மிச்சம் எனக்குத் தெரியாது. அவர் வருவார்.”

அந்த அதிகாரி கடுமையானவர் அல்லர். தண்ணீர் கொடுத்தார், மீண்டும் பொறுமையாகக் கேட்டார். அக்கா அதே பதிலைச் சொன்னார். அவர் சொல்வது நம்பத்தக்கதன்று என்று முடிவு வந்தது. உண்மையை மட்டுமே சொன்ன பெண்மணி, பொய் சொன்னவராக அந்தக் கட்டடத்தை விட்டு இறங்கினார்.

வழக்கறிஞர் போராடி மறுவிசாரணைக்கு வழி செய்தார். “இம்முறை பொட்டை அழித்துவிட்டு, இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கெஞ்சினார். நானும் கெஞ்சினேன்.

“அக்கா, திருப்பி அனுப்பினால் உங்களையும் பிடிப்பினமே!”

“தெரியும் பிள்ளை. அதுக்காக ஆமி செய்தானோ இல்லையோ எண்டு தெரியாததை, ஒரு விசாவுக்காக நான் செய்யிறதோ? என்ரை வாயாலை நான் அவரைக் கொல்ல மாட்டன்.”

அந்த மறுவிசாரணைக்கு அவர் இருக்கவில்லை.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நான் அவருக்குத் திருமணக் கூறைச் சேலை உடுத்தி, குங்குமம் வைத்தேன். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்: “புருசன் இல்லாத மனிசிக்குக் கூறையோ?”

“இருக்கிறார் எண்டுதான் அவ கடைசிவரை சொன்னவ” என்றேன். என் வாயிலும் அன்று முன்னுரை எதுவும் வரவில்லை. பெட்டி மூடப்படும்வரை அந்தச் சிவப்பு கலையவில்லை. போய் வாருங்கள், அக்கா.

தாங்கள் பார்வைக்கு அனுப்பிய முதற்பக்கத்தில் ‘அமரர் தியாகராசாவின் துணைவியார்’ என்றுள்ளது. ‘அமரர்’ என்பதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் எடுத்தாயிற்றா என்று விரைவாகப் பதில் தாருங்கள்.