பார்வையாளர் வராத கட்டில்

போர்க் காயக்காரர்களைப் பார்க்கவென்று ஆஸ்பத்திரியின் பாதித் தாதியரை அனுராதபுரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எஞ்சியவர்களோடு மாரடித்தே சிஸ்டர் மரிய கொறற்றிக்குக் கால் வீங்கிவிட்டது. போதாததற்கு, சுவாசக்குழாய் போட்டவர்களின் வாயைச் சுத்தம் செய்யத் தாதியரைப் பழக்கும் வேலையும் அவள் தலையில்.

நாக்கடியில் தேங்கும் அழுக்கு நெஞ்சுக்குள் இறங்கினால் நிமோனியா என்று தொண்டை வரளச் சொல்லியாயிற்று. அவர்களோ பார்வையாளர் வருமுன் முன்பல்லை மட்டும் துடைத்தார்கள்.

கலேவெல வீதியில் அடிபட்டுக் கிடந்து வார்டுக்குக் கொண்டுவரப்பட்ட, பெயர் தெரியாத ஒருவரின் வாயை அன்று திறந்தாள். நாக்கு மரப்பட்டையாய்க் காய்ந்திருந்தது.

“இவரைப் பார்க்க யாரும் வர்றதில்லையே, சிஸ்டர்,” என்றாள் புதிய தாதி மஸூதா.

கொறற்றிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. பிரஷை நீட்டினாள்.

“நாம வந்திருக்கோமே. கடைவாயிலயிருந்து தொடங்கு.”