மிளகாய்க் கிடங்கில் சாதிக் பாயின் கார்

சாதிக் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதம், விடாத மழை. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டி இருக்கிற என் மிளகாய்க் கிடங்கில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான், உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கட்டிய மேடை. அந்த மேடையை அவருடைய கார் அடைத்துக்கொண்டு நின்றது. மூட்டைகளை எங்கே தள்ளுவது என்று தெரியாமல், "இந்த மனுஷனுக்கு ராயபுரத்துல வேற தோஸ்தே கிடையாதா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் பல வருடமாக மூட்டை தூக்கும் டில்லி, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, கம்முனு இருங்க. பாய் மவுத்தாயிட்டாராம்" என்றான்.

"அதெப்படி ஆவாரு? காரு இங்க நிக்குதே!" என்றேன். துக்கச் செய்தி கேட்டதும் ஒரு மனிதன் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் என் வாயில் அதுதான் வந்தது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் தரவில்லை. எதற்கும் அவசரப்படாத ஆள், இதற்கு மட்டும் இவ்வளவு அவசரப்பட்டிருக்கிறார்.

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அவர் தார்ப்பாயும் கப்பல் கயிறும் விற்ற சாதிக் பாய். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் போய் நின்றவர். அதை அவர் நினைவு மலரில் நீங்கள் எழுதுங்கள். எனக்கும் அவருக்கும் இருந்த உறவு என்பது அந்தக் காரை வைத்து வருடா வருடம் நடந்த சண்டைதான். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டின உடம்பு. பெங்களூரில் ஒரு பணக்காரப் பையன் ஓட்டிச் சலித்துப்போய் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். சிறு வயதில் சோழாவரத்தில் கார் பந்தயம் பார்த்துக் கெட்டுப்போன மனது பாய்க்கு. அறுபதை நெருங்கும் வயதில் இதை வாங்கிக்கொண்டு வந்தார். வெயில் காலத்தில் எஞ்சின் சூடாகும் என்று எடுக்க மாட்டார். மழை வந்தால் ராயபுரத்தில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் ஐப்பசி பிறக்கும் முன்னால் கார் என் கிடங்குக்கு வந்துவிடும், தை பிறந்தால்தான் வெளியே போகும். வருடத்தில் எப்போதுதான் இதை ஓட்டுகிறீர் என்று கேட்டால், "ஓட்டுறதுக்கா அண்ணாச்சி வெச்சுகீறேன்?" என்று என்னையே கேட்பார். 

என் கிடங்கை ஏன் பிடித்தார் தெரியுமா? "மொளகா கெடாத எடத்துல காரு கெடாது" என்பது அவர் கண்டுபிடிப்பு. ஈரம் பட்டால் மிளகாய் பூஞ்சை பூத்துவிடும், அதனால் அண்ணாச்சி உயிரைக் கொடுத்தாவது அந்த மேடையைக் காய வைத்திருப்பார்; நெடிக்கு எலியும் வராது. இப்படி ஒரு கணக்கு. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வாசலில் வந்து நின்று, "இன்னா அண்ணாச்சி, மழ வர்து" என்பார். நான், "எடம் கிடையாது பாய். இந்த வருஷம் சத்தியமா எடம் கிடையாது, பாத்துக்கிடும்" என்பேன். அவர் கொஞ்சமும் அசராமல், "எடம் இல்லாத எடத்துலதான அண்ணாச்சி வர்ஷா வர்ஷம் வுட்னுகீறேன்" என்று சொல்லிவிட்டுப் பலகைகளை இறக்கச் சொல்வார். கப்பலில் சரக்குக்கு அடியில் போடும் நீளப் பலகைகள் அவை. குட்டைப் பலகை என்றால் காரின் வயிறு உரசுமாம். என் ஆட்கள், என் கிடங்கு, என் மேடை. அவர் மட்டும் ஓரமாக நின்று, "மெதுவா மாமு, மெதுவா" என்பார்.

மேடை ஏறிய பிறகு நடக்கும் கூத்து இன்னும் பெரியது. டேங்க் நிரம்ப பெட்ரோல், உள்ளே காற்று இருந்தால் தண்ணீர் வேர்க்குமாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். டயர் அமுங்காமல் இருக்க நான்கு மரக்கட்டைகளின் மேல் காரைத் தூக்கி வைப்பார். புகைக்குழாயில் துணி அடைப்பார். கடைசியில் போர்வை. ராயபுரத்துக்கே தார்ப்பாய் விற்கிற மனிதர் தன் காருக்குத் தார்ப்பாய் போட மாட்டார். "தார்ப்பா போட்டா உள்ள வேர்க்கும் அண்ணாச்சி. காட்டன்தான் மூச்சு வுடும்" என்று, தன் மனைவி மைமூனின் பருத்திப் புடவைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துவார். அந்த அம்மாவுக்கு எத்தனை புடவை போனதென்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு வருடம் எலி விஷயத்தில் அவர் கணக்கு தப்பியது. நம் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் யார் வண்டியாக இருந்தாலும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. மறுநாள் வந்து நிற்கிற அந்தக் காருக்கும் டில்லி வைப்பான். "தள்றது அவன் கையி, வெக்கட்டும்" என்று பாய் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்த வருடம் டில்லி பக்தி முற்றிப்போய், பொரி கடலை நாட்டுச்சர்க்கரை கட்டிய பொட்டலம் ஒன்றைக் காரின் முன்பக்க அறைக்குள் வைத்து மூடிவிட்டான். சாமிக்குப் படைத்ததை வண்டிக்குள்ளே வைத்தால் வண்டிக்கு நல்லதாம். மழை முடிந்து திறந்தால், மிளகாய் நெடியையும் மீறி வந்த எலிகள் பொரியைத் தின்று, ருசி போதாமல் வயரையும் தின்று, சீட்டைக் கிழித்துக் குட்டியும் போட்டிருந்தன. நான் டில்லியை அடிக்கப் போனேன். பாய் குறுக்கே வந்து, "வுடு அண்ணாச்சி. சோத்தக் கட்டி வெச்சா, வூட்டுக்கு வந்த விருந்தாளி துன்னாம இன்னா பண்ணும்?" என்றார். அடுத்த வருடத்திலிருந்து புது வழக்கம் ஒன்று வந்தது. கார் உள்ளே போகும் முன், வாசலில் நின்று எல்லோரும் பொரியைக் கடைசி மணி வரை தின்று தீர்க்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ள நானும் தின்றேன். கேட்டால், "காருக்காவ அண்ணாச்சி" என்பார்.

நடுவில் ஒரு நாளாவது வண்டியை உசுப்பிப் பார்க்கக்கூடாதா என்று நான் கேட்காத வருடம் இல்லை. எவ்வளவு நாள்தான் பிணம் மாதிரி கிடக்கும்? "தூங்குறவன எழுப்பி உக்கார வெச்சு, திரும்பவும் தூங்குன்னு சொல்லாத அண்ணாச்சி. எழுப்புனா எங்கியாச்சும் இட்டுகினு போவணும்" என்பார். சரி, தையில் எழுப்பி எங்கே கூட்டிக்கொண்டு போவார்? எண்ணூர் நெடுஞ்சாலைக்கு! கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற சாலைக்கு! முதல் சுற்று கிடங்குக்காரருக்கு என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைப்பார். பள்ளத்துக்கு ஒரு முறை நின்று, ட்ரெய்லருக்குப் பின்னால் உருட்டி, நாற்பதைத் தாண்டாமல் எண்ணூர் போய்த் திரும்புவோம். பக்கத்தில் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரன் எங்களை முந்திக்கொண்டே, "இன்னா பாய், தள்ளி வுடவா?" என்று கேட்ட அவமானத்தை நான் மறக்கவில்லை. பாய் அவனுக்கும் சலாம் வைத்தார்.

அப்படிப்பட்டவர் மழைக்கு நடுவில், காரை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த சில நாளில் அவருடைய ஒரே மகள் ஷகிலா கிடங்குக்கு வந்தாள். கணவர் போனால் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் மைமூன் இருந்தார். "மாமா, அம்மா ஒரே ஒரு விஷயம் சொல்லியனுப்பிச்சாங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் அதுவும் வெளிய வர வாணாம். யாரும் எழுப்ப வாணாம். நான் வந்து எழுப்புறேன்னாங்க" என்றாள்.

நல்ல நியாயம்! தை போகும், மாசி போகும், பங்குனிதான் ஆகும். புது மிளகாய் வந்து குவிகிற காலம் அதுதான். மேடை இல்லாமல் நான் எங்கே போவேன்? ஆனால் கண் கலங்கி நிற்கிற பெண்ணிடம் அதைச் சொல்ல முடியுமா? "சரி தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாரமே தண்ணீர் கிடங்குக்குள் புகுந்தது. டில்லி, "காரக் கீழ எறக்கிட்டு மூட்டைய ஏத்தலாம் அண்ணாச்சி. யாரு கேக்கப் போறா?" என்றான். நியாயமான யோசனைதான். "எறக்குனா நான் சும்மா விட மாட்டேன்லே" என்று கத்தினேன். காரைச் சுற்றி அடுக்க முடிந்ததை அடுக்கினோம். மற்றது நனைந்து பூத்தது. காரின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்கு அவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மாசியில் ஒரு கார் புரோக்கர் மோப்பம் பிடித்து வந்தார். சும்மா நிற்கிற வண்டி, வீட்டு அம்மாவிடம் சொல்லி முடித்துக்கொடுங்கள் என்றார். பேட்டரி கொண்டுவந்திருக்கிறேன், ஒரு தடவை ஸ்டார்ட் செய்து சத்தம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று புடவையைத் தூக்கினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "யோவ், கைய எடும்! தூங்குற ஆள எழுப்பி உக்கார வெச்சுட்டு, திரும்பத் தூங்குன்னு சொல்லுவீரோ?" என்று கேட்டு அவரை வாசல் வரை விரட்டினேன். டில்லி, "அண்ணாச்சி, பாய் மாரியே பேஸ்றீங்க" என்றான். போடா வேலையைப் பார் என்றேன்.

பங்குனியில் இத்தா முடிந்தது. மறுநாள் காலையில் கடையின் குட்டியானை வேனைத் தானே ஓட்டிக்கொண்டு மைமூன் வந்து இறங்கினார். கடைக்குச் சரக்கு எடுக்க அந்த வேனை ஓட்டிப் பழகியவர்தான். பக்கத்தில் ஷகிலா, பின்னால் பேட்டரி. மைமூன் நேராக மேடை ஏறினார். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். நான்காவதோ ஐந்தாவதோ வந்தபோது கை நின்றது. "அடப்பாவி மனுசா! இது என் தங்கச்சி நிக்காவுக்கு எடுத்த பொடவ! காணோம்னு வூடு பூரா தேடிகினு இருந்தேனே, கூட சேந்து அவரும் தேடுனாரே!" என்று சிரிக்கத் தொடங்கி, அதிலேயே அழுதார். ஷகிலா தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு புகைக்குழாய்த் துணியை உருவினார்.

பேட்டரியை மாட்டினோம், கட்டைகளை எடுத்தோம், பலகை வழியாகக் காரைக் கீழே இறக்கினோம். டில்லி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். ஓட்டும் இருக்கையில் மைமூன் உட்கார்ந்தார். நான் ஒதுங்கி நின்றேன். "இன்னா அண்ணாச்சி நிக்கிறீங்க? மொத ரவுண்டு கெடங்குக்காரருக்குத்தான? ஏறுங்க" என்றார். மகளைப் பார்த்தேன். "போங்க மாமா, நான் இங்கியே கீறேன்" என்றாள். முதல் திருப்பிலேயே எஞ்சினுக்கு உயிர் வந்தது. பழம் நசுங்க வெளியே வந்தோம்.

அன்று ட்ரெய்லர் ஓட்டுநர்கள் எதற்கோ வண்டி எடுக்காமல் இருந்தார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. அந்தச் சாலையை அப்படி நான் பார்த்ததே இல்லை. நாற்பதில் போய்க்கொண்டிருந்த மைமூன், "நாப்பதுல ஓட்றதுக்கா இத்தினி வர்ஷம் என் பொடவையப் போத்துனாரு?" என்று கேட்டுவிட்டுக் காலை அழுத்தினார். ஐயோ! கார் போட்ட சத்தம் இருக்கிறதே, என் முதுகு சீட்டுக்குள்ளே போய்விட்டது. வருடா வருடம் என் மேடையில் படுத்துக் கிடந்த கார், அதன் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். முருகா முருகா என்று நான் கத்த, பிஸ்மில்லா என்று அவர் சொல்ல, எண்ணூர் கழிமுகம் வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். நானும் அழுதேன். "பாவி மனுஷா, இதக் கேக்காமப் போயிட்டீரே" என்று வாய்விட்டே சொன்னேன். இத்தனை பாடுபட்டுப் பத்திரப்படுத்தியவர் ஒரே ஒரு தரம் காலை அழுத்தியிருக்கக் கூடாதா? அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்து என்னை வாசலில் இறக்கிவிட்டார். "ஐப்பசில இட்டாறேன் அண்ணாச்சி, மேடைய காலி பண்ணி வைங்க" என்றார். எனக்குத் திரும்பவும் எரிச்சல் வந்தது. "எடம் கிடையாது தாயி. இந்த வருஷம் சத்தியமா எடம் கிடையாது" என்றேன். மைமூன் கொஞ்சமும் அசரவில்லை. "எடம் இல்லாத எடத்துலதான அண்ணாச்சி வர்ஷா வர்ஷம் வுட்னுகீறோம்" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

சாதிக் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சண்டை. கட்டைகள் நான்கும் மேடையின் மூலையிலேயே இருக்கின்றன, பலகைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. அன்று மதியமே புது மிளகாய் லாரி வந்தது. டில்லி மூட்டைகளை மேடையின் உட்பக்கச் சுவரோடு சேர்த்து நெருக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். "அறிவு இருக்கா உனக்கு?" என்று கத்தினேன். "வாசப்பக்கமா அடுக்குலே. ஐப்பசியில மூட்டைய எறக்கணும்ல!"