நாலு மணி வெயிலில் குருடான கண்

12.1.1991 – மதுரை, கண்ணுக்குத் தெரியாத ஒளிவிடும் விளக்கு இரண்டு – ரூ. 14.00
26.1.1991 – ஒளி உணரி ஒன்று, ரிலே (மோட்டாரைத் தானே நிறுத்தும் சுவிட்ச்) ஒன்று – ரூ. 61.50
16.3.1991 – போர்டு, ஈயம், ஒயர் – ரூ. 38.25
23.6.1991 – ஸ்ரீவில்லிபுத்தூர், கருத்த ஃபிலிம் துண்டு – இனாம்

சேக் முகைதீன் அந்தக் கருவிக்குச் செய்த செலவு இவ்வளவுதான். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார் அவர். மனைவி சௌதா செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கத்தி மிஷினில் இருந்தாள். துணிச் சுருளை மேசைமேல் தள்ளிக்கொடுக்க வேண்டும். மேலிருந்து கத்தி இறங்கி அளவாக நறுக்கும். எண்ணிக்கைக்குக் கூலி. அதனால் எல்லாப் பெண்களும் கத்தி ஏறுவதற்குள் கையை உள்ளே விட்டுவிடுவார்கள். முந்தின வருஷம் வேறொரு கம்பெனியில் ஒருத்திக்கு இரண்டு விரல் போன செய்தி வந்ததிலிருந்து முகைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் சௌதா டீயை நீட்டினால் டம்ளரைப் பார்க்கமாட்டார், விரல்களைத்தான் பார்ப்பார்.

“பத்தும் இருக்கு மச்சான். வேணும்னா எண்ணிப் பாத்து வாங்கிக்கோங்க” என்பாள் அவள்.

அந்தப் பயத்தில் செய்ததுதான் அந்தக் ‘கண்’. கத்திக்கு முன்னால் ஒரு விளக்கும் பக்கத்திலேயே ஓர் உணரியும் இருக்கும். விளக்கின் ஒளி நம் பார்வைக்குத் தெரியாது. கை அருகே வந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி உணரியில் விழும்; உடனே கத்தி நின்றுவிடும். கம்பெனி மானேஜர் சாரங்கபாணி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், நல்ல மனிதர். சௌதாவின் மிஷினில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார்.

மாட்டிய அன்றே வினை. கை இல்லாதபோதும் கத்தி நின்றது. டியூப் லைட்டைப் போட்டால் நின்றது, யாராவது டார்ச் அடித்தால் நின்றது, நாலு மணிக்குமேல் நின்றுகொண்டே இருந்தது. அடுத்த மிஷினில் இருந்த அய்யம்மாள் சும்மா இருப்பாளா?

“ஏட்டி சௌதா, ஒம் மாப்ள வச்ச கண்ணு நம்ம கையப் பாக்கலட்டி, மொகத்தப் பாத்துப் பயந்து நிக்கிது.”

சாரங்கபாணி கூப்பிட்டுச் சொன்னார். “பாய், ஒம்ம நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனா மிஷின் இப்படி நின்னு நின்னு போனா, மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

ரேடியோக்காரருக்கு இது புதிய வியாதி அல்ல. பாட்டோடு இரைச்சல் கலப்பது போல, தன் விளக்கின் ஒளியோடு ஊரார் வெளிச்சமெல்லாம் கலக்கிறது என்று கண்டுகொண்டார். டி.வி. ரிமோட்டில் பார்த்த வித்தையைக் கையாண்டார். விளக்கை விடாமல் எரியவைக்காமல் படுவேகமாகத் துடிக்கவைத்தார். அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளும்படி போர்டை மாற்றினார். கடை திறக்குமுன் காலையில் போய் மாட்டி, கையை நீட்டிப் பார்த்தார். நின்றது. எடுத்தார், ஓடியது. டியூப் லைட் எதுவும் செய்யவில்லை.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சாரங்கபாணி மற்ற இரண்டு மிஷினுக்கும் கேட்டு மதுரையில் இருக்கும் முதலாளிக்கு எழுதினார். சௌதாவின் கையும் விரசாகி, எண்ணிக்கை கூடிவிட்டது.

“முன்னல்லாம் பயந்து பயந்து தள்ளுவேன். இப்பம் கண்ணு பாத்துக்கிடும்னு கைய விட்டுர்றேன். நாலு மணிக்குக்கூட ஒருதரம் நிக்கல மச்சான்” என்றாள் ஒருநாள்.

முகைதீன் வாயருகே கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். நாலு மணி. முன்பு அதிகம் நின்ற நேரமே அதுதான். இப்போது நிற்காமல் ஓடுவது சரியானதாலா, வேறு ஏதாவதாலா? அவர் சோதித்ததெல்லாம் காலையில்தான். அன்று இரவு முழுக்கப் புரண்டார்.

மறுநாள் மூன்றரைக்கே கம்பெனிக்குப் போய்விட்டார். துணி பறக்கும் என்று அங்கே பகல் முழுவதும் மேற்குக் கதவைச் சாத்தி வைப்பார்கள். நாலு மணி டீக்கு அதை விரியத் திறந்தால் வேலை முடியும்வரை மூடமாட்டார்கள். மலைக்காற்று உள்ளே வந்து பஞ்சுத் தூசியை வாரிக்கொண்டு போகும். காற்றோடு வெயிலும் நேராக வந்து மிஷின்மேல் விழும்.

அய்யம்மாளின் பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவினார்.

“யோவ் பாய், சாம்பாருக்கு வச்சிருக்கேன்யா!”

கதவைத் திறக்குமுன் காயைக் கத்திக்கு முன் நீட்டினார். கத்தி நின்றது. கதவைத் திறக்கச் சொல்லி மறுபடி நீட்டினார். கத்தி இறங்கிக் காயை இரண்டாக்கிவிட்டு ஏறியது.

சௌதா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வெயிலின் வெள்ளத்தில் உணரி திக்குமுக்காடி விளக்கின் துடிப்பே தெரியாமல் போயிருந்தது. எதுவும் தெரியாத கண், கை இல்லை என்று முடிவுகட்டிவிட்டது. இரண்டு மாதமாக அந்த நேரத்தில் அவள் வெறுங்கத்திக்குள்தான் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

சாரங்கபாணி அங்கேயே கண்ணைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

“மிஷின நிறுத்தி வைங்க சார்.”

“ஆர்டர் போகணும் பாய். கண்ணு இல்லாமத்தான இம்புட்டு வருஷம் ஓடிச்சி?”

“அப்பம் அவளுக்குப் பயம் இருந்துச்சி சார். அந்தப் பயத்த நான்ல போக்கி வச்சிருக்கேன்!”

மிஷின் ஓடத்தான் செய்தது. கூலியை விட முடியாது என்று சௌதாவும் போனாள். பழகிய கை தானாக உள்ளே போவதாகவும், பாதியில் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதாகவும் அவளே சொன்னாள். தெருவில் சைக்கிளில் யாராவது வேகமாக வந்தால் முகைதீன் கடையை விட்டு எழுந்து நிற்பார், கம்பெனியிலிருந்து ஆள் வருகிறதோ என்று.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். வடக்கு ரத வீதிப் பக்கம் தெரிந்த போட்டோ ஸ்டுடியோவில், வெளிச்சம் பட்டு வீணாகி, கழுவியபின் கன்னங்கரேலென்று இருந்த கலர் ஃபிலிம் முனை ஒன்று கிடைத்தது. அதன் வழியே பார்த்தால் நமக்கு இருட்டு. அவர் விளக்கின் ஒளி மட்டும் தாராளமாகப் போகும். அதை உணரியின்மேல் ஒட்டினார். வெயிலிலும் அந்த ஜாதி ஒளி உண்டு என்பதால், பக்கவாட்டில் விழுவதைத் தடுக்கக் கருப்படித்த குழாய்த் துண்டைக் கூண்டாக மாட்டினார். விளக்கையும் இடம் மாற்றி உணரிக்கு நேர் எதிரே வைத்தார். இனி துடிப்பு தெரிந்தால்தான் கத்தி இறங்கும். கை மறைத்தாலும் நிற்கும், வெயில் குருடாக்கினாலும் நிற்கும்.

இந்தமுறை சோதனை நாலு மணிக்கு, கதவு விரியத் திறந்திருக்க. அய்யம்மாளே ஒரு முருங்கைக்காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். “வெட்டுப்பட்டா ரெண்டா வாங்கித் தரணும்” என்றாள். காய் முழுசாகத் திரும்பியது. காயை எடுத்ததும் கத்தி ஓடியது.

ஆனாலும் ஒருதரம் ஏமாந்த சாரங்கபாணி, முதலாளி சொல்லாமல் நிரந்தரமாக மாட்ட மறுத்தார். எழுதிப் போட்டார். ‘யோசித்து எழுதுகிறேன்’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். ‘ஆடி போகட்டும்’ என்று வந்தது. ஆடி போகும்வரை அந்தக் கை போகாமல் இருக்க வேண்டுமே! முகைதீன் கடையில் பழுதுபார்க்க வாங்கி வைத்த டி.வி.க்களில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடித்து வந்தவர் கடை வாசலில் சௌதா நிற்பதைக் கண்டார். வேலை நேரத்தில் அவள் வந்ததே இல்லை. ஒரு கை முந்தானைக்குள் இருந்தது. அந்த முந்தானையிலேயே பார்வையை வைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன மச்சான், பேயறஞ்ச மாதிரி வாரீக? மானேஜர் குடுத்துட்டு வரச் சொன்னாரு.”

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தாள். அவர் அதை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். மற்றக் கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் பிரித்தார். மூன்று மிஷினிலும் கண்ணை மாட்ட வேண்டும் என்றும், மாட்டி முடிக்கும்வரை கத்தியை ஓட்ட வேண்டாம் என்றும் முதலாளி தம் கைப்பட எழுதியிருந்தார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 9.8.1991. ஆடி போக இன்னும் ஒரு வாரம் இருந்தது.